விம்ஆர்சியில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், எங்கள் மென்பொருளின் நிறுவல் கையேட்டில் ஒரே ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திச் சேமித்தேன். கோப்புகளில் நடக்கும் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட்டில் பார்த்தபோது ஒரு வரிக்குப் பதிலாக நூற்றுக்கும் மேற்பட்ட வரிகள் மாறியிருப்பதாகக் காட்டியது. கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாததால் அப்படியே அனுப்பிவிட்டேன். மறுநாள் கையேட்டின் இணையப் பக்கத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்க வேண்டிய கட்டளைகள் எல்லாம் ஒரே பத்தியாக ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கையேடு மார்க்டவுன் வடிவில் எழுதப்பட்டது. மார்க்டவுனில் ஒரு வரியின் கடைசியில் இரண்டு இடைவெளிகள் விட்டிருந்தால்தான் அடுத்தது புதிய வரியில் தொடங்கும். அந்த இடைவெளிகளை எல்லாம் நான் பயன்படுத்தும் விம் எடிட்டர் சேமிக்கும் நேரத்தில் துடைத்து எடுத்துவிட்டது.

அணியில் எனக்கு மூத்தவரான அக்கா ஒருவர் பக்கத்து நாற்காலியில் வந்து அமர்ந்து, "உன் விம்ஆர்சியைத் திறப்பா" என்றார். விம் தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பு அது; என்னுடையது நானூறு வரிகளைத் தாண்டியிருந்தது. இணையத்தில் ஒருவர் பொதுவில் வைத்திருந்ததை முழுமையாக எடுத்து வைத்திருந்தேன்.

"இந்த வரி எதுக்குப்பா?"

"தெரியலக்கா."

"சரி, இதுக்குக் கீழே இருக்கிறது?"

"அதுவும் அந்தக் கோப்போட வந்ததுதான்க்கா."

பத்துப் பதினைந்து வரிகளுக்கு மேல் அவர் கேட்கவில்லை. விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, சேமிப்பதற்கு முன் இயங்கும் தானியங்கிக் கட்டளைகளைக் காட்டும்படி விம்மிடம் கேட்டார். அந்தக் கட்டளைக்கு முன்னால் 'வெர்போஸ்' என்ற சொல்லைச் சேர்த்திருந்தார். உடனே, வரியின் கடைசி இடைவெளிகளை நீக்கும் கட்டளை எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் எழுதப்பட்டது என்பதுவரை திரையில் வந்தது. விம்மில் நான் கற்ற மிகப் பயனுள்ள சொல் 'வெர்போஸ்'தான். ஓர் அமைப்பு ஏன் இப்படி இருக்கிறது, ஒரு விசை ஏன் எதிர்பாராத ஒன்றைச் செய்கிறது என்ற ஐயம் எழும்போதெல்லாம், அந்த அமைப்பைக் கேட்கும் கட்டளைக்கு முன்னால் இச்சொல்லைப் போட்டால், கடைசியாக அதை மாற்றிய கோப்பின் பெயர் கிடைத்துவிடும். ஊகித்துத் தேடும் வேலை பெரும்பாலும் அதோடு முடிந்துவிடுகிறது.

அன்று மாலையே பழைய கோப்பை வேறு பெயரில் ஒதுக்கிவிட்டு வெறும் கோப்போடு தொடங்கினேன். அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. விம் 8 முதல், உங்களுக்கென்று விம்ஆர்சி எதுவும் இல்லாவிட்டால், விம்மோடு வரும் 'டிஃபால்ட்ஸ்' என்ற கோப்பு தானாக ஏற்றப்படும். வண்ணக் குறியீடும், தேடும்போதே பொருத்தத்தைக் காட்டுவதும் அதிலிருந்துதான் வருகின்றன. நீங்கள் ஒரு வெற்று விம்ஆர்சியை உருவாக்கினாலும் போதும், அது ஏற்றப்படாமல் போய்விடும். புதிதாகத் தொடங்குபவர்கள் பலர் தம் கோப்பில் ஒரு வரி எழுதியதும் வண்ணங்கள் மறைந்துவிட்டதாகக் குழம்புவது இதனால்தான். முதல் வரியிலேயே அந்த டிஃபால்ட்ஸ் கோப்பை 'சோர்ஸ்' கட்டளையால் அழைத்துக்கொண்டால் சிக்கல் தீரும். என் கோப்பின் முதல் வரி இன்றும் அதுதான்.

அதன்பின் ஒரு மாதம் வேறு எந்த வரியையும் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தேன். கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில் 'விம்டியூட்டர்' என்று தட்டினால் ஒரு பயிற்சிக் கோப்பு திறக்கும்; அரை மணி நேரத்தில் முடிக்கலாம். பலர் அதை ஒருமுறை செய்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் முதல் வாரத்தில் மூன்று நாள் காலையில் அதையே திரும்பச் செய்தேன். முதல் முறை மூளை கற்றது, மூன்றாம் முறைதான் விரல்கள் கற்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

விம்மின் விசைகள் ஏன் அந்த இடங்களில் வைக்கப்பட்டன என்ற வரலாறும் எனக்கு உதவியது. 1976இல் பில் ஜாய் பெர்க்லியில் விம்முக்கு முன்னோடியான விஐ எடிட்டரை எழுதியபோது பயன்படுத்திய முனையம் ஏடிஎம்-3ஏ (ADM-3A). விம்மில் இன்றும் கர்சரை நகர்த்தும் எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அதில் நான்கு திசை அம்புகளும் அச்சிடப்பட்டிருந்தன. எழுதுவதை நிறுத்திக் கட்டளைகளுக்குத் திரும்ப உதவும் எஸ்கேப் விசை, இன்று டேப் இருக்கும் இடத்தில் இருந்தது. சுண்டுவிரலை நகர்த்தினாலே எட்டிவிடும் தொலைவு. அவர் நொடிக்கு 300 பிட் அளவிலான மோடம் வழியாகவும் வேலை செய்தார். திரை மெதுவாக வரையப்படும் அந்தச் சூழலில், குறைந்த விசைகளில் நிறையச் சொல்வது தேவையாகவே இருந்தது. இன்றைய விசைப்பலகையில் எஸ்கேப் மூலைக்குப் போய்விட்டதால், அதை அருகில் கொண்டுவருவது அந்தப் பழைய வடிவமைப்பை மீட்பதே ஆகும். கேப்ஸ்லாக்கை எஸ்கேப்பாக மாற்றிக்கொள்வதை எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். மாற்ற முடியாத கணினியில் கண்ட்ரோலையும் இடது சதுர அடைப்புக்குறியையும் சேர்த்து அழுத்தினால் அதே எஸ்கேப்தான்.

விம்மைக் கற்பது என்றால் குறுக்குவிசைகளை மனப்பாடம் செய்வது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அது ஓர் இலக்கணம் என்று புரிந்த நாளில்தான் கற்றல் வேகம் பிடித்தது. டி என்றால் அழி, சி என்றால் மாற்று, ஒய் என்றால் நகலெடு, இவை வினைகள். ஐடபிள்யூ என்றால் இந்தச் சொல், ஐபி என்றால் இந்தப் பத்தி, ஐ என்பதோடு மேற்கோள்குறியைச் சேர்த்தால் மேற்கோளுக்குள் இருப்பது, இவை செயப்படுபொருள்கள். மூன்று வினைகளும் பத்துப் பொருள்களும் தெரிந்தால் முப்பது கட்டளைகள் தெரியும். புதிதாக ஒரு பொருளைக் கற்றால் எல்லா வினைகளோடும் அது உடனே சேர்ந்துகொள்ளும். ஒரு செயற்கூறுக்கு (ஃபங்ஷனுக்கு) அனுப்பும் பெயர் மேற்கோளுக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கர்சர் அந்தப் பெயரின் நடுவில் எங்கே நின்றாலும் சரி, சி, ஐ, மேற்கோள்குறி என்று மூன்று விசைகளைத் தட்டினால் உள்ளே இருப்பது மறைந்து புதியதை எழுத இடம் தயாராகிவிடும். புதிய பெயரை எழுதி எஸ்கேப் அழுத்திவிட்டு, இன்னொரு வரியில் இன்னொரு மேற்கோளுக்குள் போய் ஒரு புள்ளியைத் தட்டினால் அதே மாற்றம் அங்கும் நடந்துவிடும்.

தமிழ் பேசுகிற நமக்கு இந்த இலக்கணம் தொடக்கத்தில் சற்று இடறும். 'இந்தச் சொல்லை அழி' என்று பொருளை முன்னும் வினையைப் பின்னும் வைத்துப் பேசிப் பழகியவர்கள் நாம். விம்மோ 'அழி, இந்தச் சொல்லை' என்று கேட்கிறது. அதனாலேயே முதல் மாதங்களில் நான் பெரும்பாலும் விஷுவல் நிலையில் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு வினையைச் சொன்னேன். அது தவறில்லை. ககூன், ஹீலிக்ஸ் ஆகிய எடிட்டர்கள் முழுவதுமே பொருளை முதலில் தேர்ந்தெடுத்து வினையைப் பின்னால் சொல்லும்படி அமைந்தவை. விம்மின் வரிசை பிடிபடவே இல்லை என்பவர்கள் அவற்றை முயலலாம். நான் விம்மிலேயே தங்கியதற்குக் காரணம் அந்தப் புள்ளி விசைதான். விஷுவலில் செய்த மாற்றத்தைப் புள்ளியால் திரும்பச் செய்தால், முன்பு தேர்ந்தெடுத்த அளவையே அது எடுத்துக்கொள்ளும். நான்கு எழுத்துச் சொல்லை மாற்றியிருந்தால் அடுத்த இடத்திலும் நான்கு எழுத்துதான் போகும். வினையை முன்வைத்துச் சொன்னாலோ, அடுத்த சொல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் 'இந்தச் சொல்' என்ற பொருளையே அது புரிந்துகொள்ளும்.

ஒரு கோப்பில் ஏழெட்டு இடங்களில் வரும் மாறியின் பெயரை, சில இடங்களை விட்டுவிட்டு மாற்ற வேண்டியிருந்தால் நான் செய்வது இது. பெயரின் மேல் நின்று நட்சத்திரக் குறியை அழுத்தினால் அந்தப் பெயர் தேடலுக்குள் போய்விடும், கர்சர் அடுத்த இடத்துக்குத் தாவும். அங்கே சி, ஜி, என் என்று தட்டிப் புதிய பெயரை எழுதி எஸ்கேப். அதன்பின் ஒவ்வொரு புள்ளியும் அடுத்த பொருத்தத்துக்குப் போய் அதை மாற்றும். மாற்ற வேண்டாத இடத்தில் 'என்' (n) விசையால் தாண்டிவிடலாம். இதற்கு எந்தச் செருகு நிரலும் (பிளகின்) வேண்டியதில்லை, விம்ஆர்சியில் ஒரு வரியும் வேண்டியதில்லை. எடிட்டரை நமக்கேற்ப மாற்றுவதற்கு முன்னால் அதில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளச் சொல்வது இதற்காகத்தான். நான் ஒதுக்கிய அந்த நானூறு வரிகளில் கணிசமான பகுதி, விம்மிலேயே இருந்த வசதிகளை வேறு விசைகளில் திரும்பச் செய்துகொண்டிருந்தது என்பதைப் பிறகு கண்டேன்.

என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள விம்மின் உதவிக் கோப்புகளைவிடச் சிறந்த இடத்தை நான் பார்த்ததில்லை. கோலன் போட்டு 'ஹெல்ப்' என்று தட்டி, பின்னால் வேண்டிய கட்டளையைக் கொடுத்தால் அதற்கான பகுதி திறக்கும். எழுத்துகளைத் தட்டும் இன்செர்ட் நிலையில் இயங்கும் விசையைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் விசையின் பெயருக்கு முன் ஐ எழுத்தும் அடிக்கோடும், விஷுவல் நிலைக்கு வி எழுத்தும் அடிக்கோடும் சேர்க்க வேண்டும். இது தெரியாமல் தவறான பகுதியைப் படித்துக் குழம்பியவர்கள் உண்டு. வண்ணமிட்ட சொல்லின் மேல் நின்று கண்ட்ரோலோடு வலது சதுர அடைப்புக்குறியை அழுத்தினால் அந்தப் பகுதிக்குப் போகலாம், கண்ட்ரோல் ஓ திரும்பக் கொண்டுவரும். தலைப்பு தெரியாதபோது 'ஹெல்ப்கிரெப்' எல்லா உதவிக் கோப்புகளிலும் தேடித் தரும்.

விம்மை உருவாக்கிய பிராம் மூலனார், அமிகா கணினிக்காக எழுதி 1991இல் முதன்முதலாக வெளியிட்டார். 2023 ஆகஸ்டில் மறையும்வரை அதைப் பராமரித்தார். எந்தக் கட்டணமும் கேட்காத அவர், மென்பொருள் பிடித்திருந்தால் உகாண்டாவில் உள்ள கிபாலேயின் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். உதவியில் 'உகாண்டா' என்று தேடினால் அந்த வேண்டுகோளைப் படிக்கலாம். நாள்தோறும் எட்டு மணி நேரம் பயன்படுத்தும் கருவிக்குப் பின்னால் இப்படி ஒரு மனிதர் இருந்தார் என்பதைப் புதிதாக விம் கற்க வருபவர்களிடம் நான் தவறாமல் சொல்வேன்.

இரண்டாம் மாதத்தில்தான் விம்ஆர்சியில் எழுதத் தொடங்கினேன். மேசையில் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொண்டேன். வேலை நடுவே எது எரிச்சல் தந்ததோ அதை ஒரு வரியில் குறிப்பேன். அதே குறிப்பு மூன்றாம் முறை வந்தால் மட்டும் தீர்வைத் தேடி விம்ஆர்சியில் சேர்ப்பேன். சேர்க்கும் வரிக்கு மேலே, ஏன் சேர்த்தேன் என்று ஒரு வாக்கியம் எழுதிவிடுவேன். அந்தக் காரணம் வரிக்கு மேலேதான் இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. விசைகளை மாற்றியமைக்கும் 'மேப்' வகைக் கட்டளைகளில் அதே வரியின் கடைசியில் குறிப்பு எழுதினால், விம் அதைக் குறிப்பாக எடுத்துக்கொள்ளாமல் கட்டளையின் பகுதியாகவே எண்ணி, அந்த விசையை அழுத்தும்போதெல்லாம் உங்கள் குறிப்பையும் சேர்த்துத் தட்டத் தொடங்கிவிடும்.

இவ்வாறு முதலில் வந்தது தேடல் பற்றியது. சிறிய எழுத்தில் தேடினால் பெரிய எழுத்தையும் காட்ட வேண்டும், பெரிய எழுத்தைக் கலந்து தேடினால் துல்லியமாக அதை மட்டுமே காட்ட வேண்டும். 'இக்னோர்கேஸ்', 'ஸ்மார்ட்கேஸ்' இரண்டையும் சேர்த்து வைத்தால் அப்படி நடக்கும். அடுத்தது வரி எண். 'ரிலேடிவ்நம்பர்' வைத்தால் கர்சர் இருக்கும் வரியிலிருந்து ஒவ்வொரு வரியும் எத்தனை தள்ளி இருக்கிறது என்று தெரியும், எண்ணிப் பார்க்காமல் 'ஏழு வரி கீழே' என்று தாவலாம். கிளிப்போர்டில் சற்று நேரம் இழந்தேன். உலாவியிலிருந்து நகலெடுத்தது விம்மில் ஒட்டவில்லை. எத்தனை வரி சேர்த்தும் பயனில்லை. என் இயங்குதளமான உபுண்டுவின் சாதாரண விம் தொகுப்பு கிளிப்போர்டு வசதி இல்லாமல் கட்டப்பட்டது என்பதுதான் காரணம். விம்மின் பதிப்புத் தகவலில் 'கிளிப்போர்டு' என்ற சொல்லுக்கு முன் கழித்தல் குறி இருந்தால் அமைப்பை மாற்றிப் பயனில்லை, விம்-ஜிடிகே3 தொகுப்பை நிறுவ வேண்டும்.

என் கோப்பில் மிகவும் மதிக்கும் வரி 'அன்டூஃபைல்'. 2010இல் வந்த விம் 7.3 முதல் இது உண்டு. கோப்பை மூடினாலும், கணினியையே அணைத்துத் திறந்தாலும், முன்பு செய்த மாற்றங்களை யூ விசையால் பின்னோக்கித் திருப்பலாம். வெள்ளிக்கிழமை மாலை அழித்த ஒரு செயற்கூறு திங்கள்கிழமை காலையில் தேவைப்பட்டது. கிட்டில் அதைச் சேமித்திருக்கவில்லை. கோப்பைத் திறந்து, கோலன் போட்டு 'எர்லியர்' என்றும் பின்னால் மூன்று நாள் என்பதற்கான குறியையும் கொடுத்தேன். கோப்பு வெள்ளிக்கிழமை காலை நிலைக்குப் போனது. வேண்டிய செயற்கூறை நகலெடுத்துக்கொண்டு, 'லேட்டர்' கட்டளையால் இப்போதைய நிலைக்குத் திரும்பினேன். இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. அந்த வரலாறு சேமிக்கப்படும் கோப்புறையை நீங்கள் குறிப்பிட்டால், அதை நீங்களே உருவாக்கியும் வைக்க வேண்டும். விம் தானாக உருவாக்காது, ஏன் வேலை செய்யவில்லை என்றும் சொல்லாது. இரண்டாவது இன்னும் முக்கியமானது. கடவுச்சொற்கள் உள்ள கோப்பைத் திருத்தினால், நீங்கள் அழித்த பழைய கடவுச்சொல்லும் அந்த வரலாற்றில் தங்கிவிடும். அத்தகைய கோப்புகளுக்கு இந்த வசதியைத் தனியாக நிறுத்திவைக்க வேண்டும்.

ஒரு வரியைச் சேர்க்கவும் செய்தேன், பிறகு நீக்கவும் செய்தேன். கோலன் குறிக்கு ஷிஃப்ட் அழுத்த வேண்டியிருக்கிறது என்று, அரைப்புள்ளி விசையையும் கோலனையும் இடம் மாற்றிக்கொண்டேன், பலர் செய்வதுதான். என் மடிக்கணினியில் அது மிக வசதியாக இருந்தது. ஆனால் என் வேலையில் பாதி, வாடிக்கையாளர்களின் சர்வர்களில் எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாக நுழைந்து செய்வது. அங்கே என் விம்ஆர்சி இருக்காது, கொண்டுபோகவும் அனுமதி இல்லை. ஒரு நள்ளிரவில், நின்றுபோன சேவையின் அமைப்புக் கோப்பைத் திருத்தும்போது விரல்கள் பழக்கத்தில் இடம்மாறிய விசையையே தேடின. சேமித்து வெளியேறும் இரண்டெழுத்துக் கட்டளைக்கே மூன்று முறை தடுமாறினேன். விம்மின் அடிப்படை விசைகளை மாற்றக் கூடாது என்பது அன்றிலிருந்து நான் மீறாத விதி. நமக்கென்று புதிய கட்டளை வேண்டுமானால் அதற்கென்றே விம் ஒதுக்கியிருக்கும் 'லீடர்' என்ற முன்விசைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம், அங்கே எதுவும் முறியாது. மேப் செய்யும்போது கட்டளைப் பெயரின் நடுவில் 'நோரீ' உள்ள வடிவையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் ஒரு மேப் இன்னொன்றை அழைத்து, அது வேறொன்றை அழைத்து, எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

சர்வரில் வேலை செய்பவர்களுக்கு இன்னும் இரண்டு செய்திகள். வேறு எடிட்டர் பழக்கத்தில் சேமிப்பதற்குக் கண்ட்ரோல் எஸ் அழுத்தினால் டெர்மினல் உறைந்துபோனதுபோல் நிற்கும். பயந்து சாளரத்தை மூட வேண்டாம். கண்ட்ரோல் கியூ அழுத்தினால் மீண்டும் இயங்கும். அது விம்மின் செயலே அன்று, டெர்மினலின் பழைய ஓட்டக் கட்டுப்பாடு. மற்றொன்று, இன்செர்ட் நிலையில் அம்புக்குறிகளை அழுத்தும்போது ஏ, பி, சி, டி என்று எழுத்துகள் விழுந்தால், அங்கே இருப்பது மிகச் சிறிய விம் தொகுப்பு, பழைய விஐ நடத்தையில் இயங்குகிறது என்று பொருள். எஸ்கேப் அழுத்தி, விசைகள் கட்டளைகளாக இயங்கும் நார்மல் நிலைக்கு வந்து ஜே, கே விசைகளால் நகரத் தெரிந்தவருக்கு அது ஒரு தடையே இல்லை.

செருகு நிரல்கள் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டிம் போப் எழுதிய சரவுண்ட் (சொல்லைச் சுற்றியுள்ள குறிகளை மாற்ற), ஃபியூஜிடிவ் (கிட்டை விம்முக்குள்ளேயே இயக்க) இரண்டும், கோப்பு தேடுவதற்கு எஃப்இசட்எஃப்பும் என்னிடம் உள்ளன. விம் 8 முதல் 'பேக்' என்ற கோப்புறைக்குள் வைத்தாலே அவை ஏற்றப்படும், தனி மேலாளர் நிரல் தேவையில்லை. நிரலின் பிழைகளையும் வரையறைகளையும் காட்டித்தரும் மொழிச் சேவையகத்தோடு பேசும் வசதி உள்ளேயே வேண்டும் என்பவர்கள் 2014இல் பிரிந்து வளர்ந்த நியோவிம்முக்குப் போகலாம்; 2021இல் வந்த அதன் 0.5 பதிப்பு முதல் அது உள்ளேயே இருக்கிறது. எதைச் சேர்த்தாலும், சிக்கல் வந்தால் முதலில் 'கிளீன்' என்ற தேர்வோடு விம்மைத் திறந்து பாருங்கள். அப்போது உங்கள் விம்ஆர்சியும் செருகு நிரல்களும் இல்லாமல் அது திறக்கும். அங்கேயும் அதே சிக்கல் இருந்தால் குற்றம் உங்கள் கோப்பில் இல்லை.

என் கோப்பில் அதிக உழைப்பு பிடித்தது தமிழுக்கான பகுதி. சில கட்டற்ற மென்பொருள்களின் தமிழாக்கக் கோப்புகளை நான் விம்மில் திருத்துகிறேன். ஒவ்வொரு ஆங்கிலச் சொற்றொடருக்கும் கீழே தமிழை எழுத வேண்டும், இடையிடையே நார்மல் நிலைக்குத் திரும்பி நகர வேண்டும். இயங்குதளத்தில் தமிழ்99 விசைப்பலகையை இயக்கிவைத்தால், எஸ்கேப் அழுத்திய பிறகும் அது தமிழிலேயே நிற்கும். தமிழ்99 அமைப்பில் எச், ஜே, கே, எல் விசைகளில் இருப்பவை க, ப, ம, த. கீழே போக நினைத்து ஜே அழுத்தினால் விம்முக்கு 'ப' போய்ச் சேரும். அதற்கு ப என்று ஒரு கட்டளை தெரியாது. ஒவ்வொரு முறையும் மொழியை மாற்றி மாற்றித் திருத்துவது ஒரு மணி நேரத்திலேயே களைப்பைத் தந்தது.

முதலில் 'லேங்மேப்' என்ற அமைப்பை முயன்றேன். நார்மல் நிலையில் க வந்தால் எச் என்று கொள், ப வந்தால் ஜே என்று கொள் என்று அதில் சொல்லலாம். ஆனால் என் கணினியில் இருந்த உள்ளீட்டு நிரல், மெய்யெழுத்தைத் தட்டியதும் அடுத்து உயிர் வருகிறதா என்று காத்திருந்து, பிறகே எழுத்தை விம்முக்கு அனுப்பியது. கர்சர் எப்போதும் ஒரு விசை பின்தங்கியது. சரியான வழி 'கீமேப்'. இயங்குதளத்தில் ஆங்கிலமே இருக்கட்டும். இன்செர்ட் நிலையில் மட்டும் விம் ஆங்கில விசைகளைத் தமிழாக மாற்றிக்கொள்ளும். எஸ்கேப் அழுத்தியதும் எல்லா விசைகளும் கட்டளைகளாகிவிடும், திரும்ப இன்செர்ட்டுக்குப் போனால் தமிழ் தானாகவே திரும்பும்.

விம்மோடு தமிழுக்கு டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்துக்கான கீமேப் ஒன்று வருகிறது. எனக்கு யூனிகோடு வேண்டியிருந்ததால், என் விம் கோப்புறைக்குள் கீமேப் என்ற துணைக்கோப்புறையில் சொந்தமாக ஒரு கோப்பு எழுதினேன். 'லோட்கீமேப்' என்ற சொல்லுக்குக் கீழே, ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் ஆங்கில விசைகள், வலப்பக்கம் தமிழ் எழுத்து, அவ்வளவுதான். எச் என்றால் க. எச், எஸ் என்றால் கி. எச், எஃப் என்றால் க். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று எழுதி முடித்தபோது, பள்ளியில் படித்த அந்த 247 அப்படியே 247 வரிகளாகத் திரையில் நின்றது. எளிதில் மறக்க முடியாத காட்சி அது. அதற்கு மேல் கிரந்த எழுத்துகள் வந்தன. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவது தானாகப் புள்ளி பெறுவது, ங-வை அடுத்துக் க வந்தால் 'ங்க' ஆவது போன்ற தமிழ்99 விதிகளும் வந்தன. அவை உயிர்களோடு பெருகிக்கொண்டே போவதால் கையால் எழுதாமல் ஒரு சிறு பைத்தான் நிரலால் உருவாக்கினேன்.

கீமேப்பை ஏற்றியதும் தமிழே இயல்பாக இயங்கத் தொடங்கும். ஆங்கிலத்தில் தொடங்க வேண்டுமானால் 'ஐஎம்இன்செர்ட்' அமைப்பைச் சுழியமாக்க வேண்டும். இன்செர்ட் நிலையில் கண்ட்ரோலையும் ஆறாம் எண் விசையையும் அழுத்தினால் மொழி மாறும், தேடல் வரியிலும் அதே விசைதான். விம்மில் எக்ஸ் அழுத்தினால் 'கி' முழு எழுத்தாகப் போகும். குறியை மட்டும் நீக்க விரும்புபவர்கள் 'டெல்கம்பைன்' வைத்துக்கொள்ளலாம்.

தேடலில் ஒரு பொறி உண்டு. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும். ஒகரக் குறி ஒரே குறியீடாக இருக்கலாம், அல்லது கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றேபோல் தெரியும், ஆனால் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. பழைய மொழிபெயர்ப்புக் கோப்பு ஒன்றில், கண்ணெதிரே இருந்த 'கோப்பு' என்ற சொல்லையே இல்லை என்று விம் சொன்னபோது அரை நாள் தேடினேன். எழுத்தின் மேல் நின்று நார்மல் நிலையில் ஜி, ஏ என்று தட்டினால் அதன் குறியீட்டு எண்களைக் காட்டும். அங்கே ககரத்துக்குப் பின் ஓர் எண்ணுக்குப் பதில் இரண்டு எண்கள் இருந்தன. அந்தக் கோப்பு முழுவதையும் ஒரே வடிவுக்கு மாற்றும் பதிலீட்டுக் கட்டளையை இப்போது லீடர் விசைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

தமிழ் உரைநடையே நிறைந்த நீண்ட கோப்புகளுக்கு டெர்மினல் விம்மை நான் பரிந்துரைக்க மாட்டேன். டெர்மினல் ஒவ்வொரு எழுத்தையும் ஒரே அகலக் கட்டங்களில் வரைய முற்படுவதால், 'ணை', 'கொ' போன்றவை வரும் வரிகளில் கர்சர் ஓர் இடத்திலும் எழுத்து இன்னோர் இடத்திலுமாக நிற்கும். 2020இல் வந்த 27ஆம் பதிப்பு முதல் எழுத்து வடிவங்களைச் சேர்த்து அமைக்கும் ஹார்ஃப்பஸ் நூலகத்தைப் பயன்படுத்தும் ஈமாக்ஸ் என்ற எடிட்டர் அதன் சாளரத்தில் தமிழைச் சரியாக வரைகிறது. அத்தகைய வேலைக்கு நான் அங்கே போகிறேன். மொழிபெயர்ப்புக் கோப்புகளின் சிறு சிறு சொற்றொடர்களுக்கு விம் போதுமானதாக இருக்கிறது.

இந்தப் பகுதியில் கடைசியாகச் சேர்த்த வரி நிலைப்பட்டை பற்றியது. தமிழ் இயங்குகிறதா, ஆங்கிலமா என்று தெரியாமல் நிரலின் நடுவே தமிழ் எழுத்துகளைத் தட்டிவிடுவது குறிப்பேட்டில் மூன்று முறைக்கு மேலேயே ஏறியிருந்தது. கீமேப் கோப்பில் அதற்குப் பெயர் வைக்க ஒரு மாறி இருக்கிறது; அதில் 'தமிழ்' என்று எழுதி, நிலைப்பட்டையில் சதவீதக் குறியும் கே எழுத்தும் சேர்த்தேன். தமிழ் இயங்கும்போது மட்டும் திரையின் கீழே 'தமிழ்' என்று காட்டுகிறது. அந்த வரிக்கு மேலே எழுதியிருக்கும் காரணம்: 'எந்த மொழியில் தட்டுகிறேன் என்று தட்டுவதற்கு முன்பே தெரிய வேண்டும்.'